புல்லுக்குள் கிடந்த மான்குட்டி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதக் கடைசியில், ஜேர்மனியில் ஊன்ட்றொப் என்ற ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவே போகும் தெருவில் இது நடந்தது. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நன்றாக விடிந்திருந்தது. வலப்பக்கத்துப் புல்வெளியிலிருந்து ஒரு மான் பாய்ந்தது. பிரேக் அடித்தும் பயனில்லை, கார் அதை இடித்துவிட்டது.

ஆட்டின் அளவுள்ள சின்ன மான் அது. தெருவோரம் கிடந்து, முன்கால்களை ஊன்றி எழும்பப் பார்த்தது. பொலிசுக்குத் தொலைபேசி அடித்தேன். “அங்கேயே நில்லுங்கள், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான வேட்டைக்காரர் வருவார்” என்றார்கள். இங்கே ஒவ்வொரு பகுதியின் காட்டு விலங்குகளுக்கும் ஒரு வேட்டைக்காரர் பொறுப்பு, வேறு யாரும் எடுத்துப்போனால் அது திருட்டு. டிக்கியைத் திறந்து எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்து வைத்தேன். மானைப் போர்த்தலாம் என்று பழைய போர்வை ஒன்றையும் எடுத்தேன்.

வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். பச்சைச் சட்டை, தோளில் துப்பாக்கி. காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை. திறந்திருந்த டிக்கியைப் பார்த்தார், என் கையிலிருந்த போர்வையைப் பார்த்தார்.

“இறைச்சிக்குக் கொண்டுபோகப் பார்த்தீர்களா?”

எனக்கு முகம் எரிந்தது. போர்த்தத்தான் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. காருக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். ஒரே ஒரு வெடி. இலங்கையில், போருக்குள், வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். இருபது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருந்தும் அன்றைக்குக் காருக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்துவிட்டேன். சற்று முன்புவரை எழும்பப் பார்த்த மான், வைத்தியரிடம் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்கும் என்று நினைத்தேன். இறைச்சிக்கு அவசரப்படுகிறவர் இவர்தான் என்றும் நினைத்தேன். இடித்தது நான், ஆனால் கோபமெல்லாம் அவர் மேல் போனது.

அவர் மானைப் புரட்டி மடியை அமுக்கினார். பால் வந்தது.

“குட்டி இருக்கிறது. இந்தப் புல்லுக்குள்தான் எங்கேயோ. நீங்கள் வேலிப் பக்கம் பாருங்கள்” என்றார். துப்பாக்கி இன்னும் தோளிலேயே இருந்தது.

இடுப்பளவு புல். வேலியோரம் அதைக் கண்டேன். பழுப்பு முதுகில் வெள்ளைப் புள்ளிகள், காதுகளை ஒட்டவைத்துச் சுருண்டு கிடந்தது. மூச்சு மட்டும் ஓடியது. கூப்பிட வாயைத் திறந்தேன். தாயைச் சுட்டவர், தாயில்லாத குட்டியை என்ன செய்வார்?

“இங்கே ஒன்றும் இல்லை” என்றேன்.

அவரும் தன் பக்கம் தேடிவிட்டு வந்தார். பிறகு காப்புறுதிக்குத் தேவையான கடிதத்தை எழுதித் தந்துவிட்டு, மானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வேலை முடிந்ததும் வந்து குட்டியை எடுத்து விலங்கு வைத்தியரிடம் கொடுப்பது என்று முடிவுசெய்தேன். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு.

அதே பெருமையோடுதான் என்னுடன் வேலை செய்யும் தமிழ் அக்கா ஒருவரிடம் கதையைச் சொன்னேன். அவருடைய கணவர் ஒரு பண்ணையில் வேலை செய்கிறவர். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கையை அக்கா நிறுத்தினார்.

“புல்லு உயரமோ?”

“ஓமக்கா, இடுப்பளவு.”

“இந்தக் கிழமை எல்லா இடமும் புல்லு வெட்டுகினம். மிசின் கிட்ட வந்தாலும் குட்டி எழும்பி ஓடாது. அப்பிடியே படுத்திருந்து வெட்டுப்பட்டுப் போகும். அந்த மனுசன் அதுக்காகத்தான் தேடியிருப்பார்.”

“நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டன், அக்கா.”

“அப்ப இஞ்ச ஏன் நிக்கிறீர்? போம். நான் இதைப் பாக்கிறன்.”

காரில் ஏறும்போதே, அவர் தந்த கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். குட்டியைக் கண்டேன், பொய் சொல்லிவிட்டேன் என்றேன். “வருகிறேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாதிப் புல்வெளி வெட்டி முடிந்திருந்தது. இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ட்ரக்டருக்கு முன்னால் ஓடினேன். ஓட்டியவர் நிறுத்திவிட்டுக் கத்தினார். வேட்டைக்காரர் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் தொடங்கினேன் என்றார். நான் வேலியோரத்தைக் கைகாட்டினேன்.

வேட்டைக்காரர் வந்து இறங்கினார். என் முகத்தைப் பார்த்தவர், திரும்பிப் போய்த் துப்பாக்கியைக் காருக்குள் வைத்துப் பூட்டினார். கையுறையும் அட்டைப்பெட்டியுமாக வந்தார். குட்டி வேலியோரம் அதே இடத்தில் கிடந்தது. புல்லை அள்ளி, அந்தப் புல்லோடு சேர்த்து அதைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார். ஆட்டுப்பால் புட்டியில் கொடுத்து இப்படிப்பட்ட குட்டிகளை வளர்க்கும் ஒரு பெண்மணியிடம் கொண்டுபோவதாகச் சொன்னார்.

“தாய்க்கு முதுகெலும்பு முறிந்திருந்தது. பின்கால்கள் அசையவே இல்லை, நீங்கள் கவனிக்கவில்லையா? சரி, ஏன் பொய் சொன்னீர்கள்?”

“துப்பாக்கியைப் பார்த்து.”

தலையாட்டினார். “நானும் உங்களை இறைச்சித் திருடி என்றுதான் நினைத்தேன்.”

பிறகு, இந்த மான்கள் பெரும்பாலும் இரண்டு குட்டி போடும் என்று சொல்லி, பெட்டியை என் கையில் தந்துவிட்டுத் தேடப் போனார். வெட்டாத பக்கம் முழுவதும் நடந்தார். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு வெட்டிய பக்கம் போனார். ஓரிடத்தில் நின்று குனிந்தார். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் காலால் புல்லைத் தள்ளி எதையோ மூடுவது போல இருந்தது.

திரும்பி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். “ஒன்றுதான்” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் உண்மையைச் சொன்னாரா, என் மேல் இரக்கப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவு வரவில்லை. பெட்டியில் போன குட்டி பிழைத்து, இலையுதிர்காலத்தில் காட்டுக்குள் விடப்பட்டதாகப் பிறகு தொலைபேசியில் சொன்னார். அப்போதும் நான் மற்றதைப் பற்றிக் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவரைச் சந்தேகிப்பது என்னைக் காப்பாற்றும் பழக்கம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அது ஒன்றுமறியாத வேறொரு உயிரின் மேல் போய் விழக்கூடும் என்பதை அன்றைக்கு அறிந்துகொண்ட பிறகு, யாரைப் பற்றியும் முடிவெடுக்கும் முன் ஒரு கேள்வியாவது கேட்டுவிடுகிறேன்.