முகமூடியைத் தடுத்த கை

அகிலனின் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குவதை முதலில் கண்டவள் என் மனைவி செல்வி. அமீரகத்தின் அல் ஐன் நகரில் அன்று காலையிலிருந்தே புழுதிக்காற்று. வெள்ளிக்கிழமைப் பட்டிமன்றத்தில் வென்று, போர்த்திய சால்வையோடு நான் வீடு திரும்பியிருந்தேன். மூன்று வயது மகன் ஏதோ சொல்ல முயன்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இழுப்பு என்றார்கள் (மூச்சுக்குழல்கள் சுருங்கிக் காற்று வெளியேறத் திணறும் நிலை). மலையாளச் செவிலியர் ஒருவர் நெபுலைசரை (மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சோடு செலுத்தும் கருவி) ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அப்போது சென்னையைச் சேர்ந்த இளம் பெண் மருத்துவர் ஒரு படிவத்தோடு வந்தார்.

"வழக்கமான மருந்து எல்லாக் குழந்தைக்கும் உண்டு, சார். கூட இன்னொண்ணு சேர்த்தா சீக்கிரம் சரியாகுதான்னு ஒரு ஆய்வு பண்றோம். பாதிப் பேருக்கு அந்த மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். குலுக்கல் முறைதான். விருப்பம் இருந்தா மட்டும் சேரலாம்."

குலுக்கல் என்ற சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. எதிரணியின் வாயிலிருந்து நழுவும் ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அரங்கையே திருப்பப் பழகியவன் நான். "என் பிள்ளையின் உயிர் என்ன, பரிசுச் சீட்டா?" என்று தொடங்கினேன். ஏழை நாட்டுக் குழந்தைகள் யாருடைய சோதனைக்கூடம் என்று கேட்டேன். மருத்துவர் பொறுமையாக விடை சொல்ல முற்பட, நான் குரலை உயர்த்தினேன். கையில் கட்டோடு காத்திருந்த திருநெல்வேலித் தொழிலாளி ஒருவர், "அண்ணாச்சி கேக்கது நியாயந்தானல!" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அதைக் கேட்டபின் என்னால் நிறுத்த முடியவில்லை.

செவிலியர் நெபுலைசரின் முகமூடியை அகிலனின் முகத்தருகே கொண்டுவந்தார். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"சாரே, இது ஸ்டடி மருந்தல்ல. சாதா மருந்தாணு. கை எடுக்கு சாரே!"

"முதலில் என் கேள்விக்குப் பதில் வரட்டும்."

செல்வி கத்தவில்லை. "ஏங்க, அவன் உதடு நீலமாகுது" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

மூன்றாம் முறை மருந்து செலுத்திய பிறகுதான் அந்தச் சிறிய நெஞ்சு தணிந்தது.

மறுநாள் வார்டுக்கு வந்த மருத்துவரிடம் அந்தப் படிவத்தைக் கேட்டேன். கையெழுத்திட்டால் என் குற்றம் குறையும் என்று நினைத்தேன் போலும்.

"இப்ப சேர முடியாது, சார். முதல் மருந்துக்கு முன்னாடியே சேர்ந்திருக்கணும். நீங்க மறுத்ததுல எனக்கு வருத்தமே இல்ல. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே போயிருப்பேன்." சற்று நின்று, "நானும் உங்களுக்குப் பதில் சொல்லிட்டு நின்னிருக்கக் கூடாது. முதல்ல மாஸ்க்கைப் போட வச்சிருக்கணும். அது என் தப்பு" என்றார்.

தம் தவற்றை ஒப்புக்கொள்ள அவருக்கு இரண்டு மூன்று வாக்கியங்கள் போதுமாயிருந்தன. எனக்கு ஒன்றுகூட வாய்க்கவில்லை. தலையசைத்தேன்.

என் நிலையில் நிற்கப்போகும் பெற்றோருக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். ஆய்வுக்கு நீங்கள் தாராளமாக மறுக்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. மறுப்பதால் சிகிச்சை குறையாது. ஐயங்கள் இருந்தால் கேளுங்கள், குழந்தைக்கு மூச்சு வந்தபின்.

வீடு திரும்பிய பிறகு செல்வியிடம் கேட்டேன்: "நான் எவ்வளவு நேரம் தடுத்தேன்? ஒரு நிமிஷம் இருக்குமா?"

"நான் மணி பாக்கல. அவன் உதட்டைத்தான் பாத்துட்டிருந்தேன்."

அகிலன் இப்போது ஓடியாடுகிறான். அவன் உறங்கும் பிற்பகல்களில், மருத்துவர் கற்றுத்தந்தபடி நெஞ்சில் உள்ளங்கை வைத்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறேன். எண்ணும்போது என் மூச்சு தானாக நின்றுவிடுகிறது. பத்தை எட்டுமுன் நெஞ்சு இறுகி, காற்றுக்காக வாய் திறக்கிறது. கடிகாரத்தைப் பார்த்தால், நிமிடத்தில் பாதிகூடக் கழிந்திருப்பதில்லை.