நடுவழியில் நின்ற சப்பரம்

ரேடியோ சிக்னலில் ஓடும் எந்த வண்டியையும் முதலில் சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்துத்தான் சோதிக்க வேண்டும். போடும்போது ரிமோட் முதலில், வண்டி பிறகு. அணைக்கும்போது வண்டி முதலில், ரிமோட் கடைசியில். மும்பை மாட்டுங்காவில் நான் வேலை பார்க்கும் கடைக்குப் பொம்மைக் காரும் விமானமும் வாங்க வருகிறவர்களிடம் நாள் முழுக்க இதைத்தான் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் டிப்ளமா வரை படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் தாராவியில் எங்கள் சந்தில் எந்த மோட்டார் நின்றாலும் என் பெயரைத்தான் கூப்பிடுவார்கள்.

போன வருஷம் ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் எங்கள் அம்மன் கோயில் கமிட்டித் தலைவர் கூப்பிட்டார். முறைக்கு எனக்கு மாமா. தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். மாடி மேல் மாடி எழும்பி, இரும்பு ஏணிகள் நீட்டிக்கொண்டு, சந்து குறுகிவிட்டது. நாலு பேர் தோளில் சப்பரம் தூக்கி வர இடமில்லை.

"நம்ம அம்மனுக்கு ஒரு வண்டி பண்ணுல. கடையில பொம்மய ஓட்டுதியே, அதே மாதிரி. யாரும் தொடாம தானா வரணும். ஏக்தம் பராபரா, ஒரு கொறையும் இல்லாம இருக்கணும்."

பழைய சக்கர நாற்காலியின் மோட்டார் கிடைத்தது. தாழ்வான இரும்புச் சட்டம், கீழே பேட்டரி, மேலே பூச்சப்பரம். ஓர் ஆள் கனம் இருந்தது. ஆள் இல்லாத மத்தியானத்தில் சிக்னல் சோதித்தேன். ரிமோட்டின் வலுவைக் குறைத்து வைத்துவிட்டு சந்தின் கடைசிவரை நடந்தேன். எங்கும் சிக்னல் அறுபடவில்லை. பிறகு வண்டியைச் செங்கல் மேல் ஏற்றி, சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது ரிமோட்டை அணைத்தேன். சக்கரம் நிற்கவில்லை. சிக்னல் போனாலும், கடைசியாகச் சொன்னதையே செய்துகொண்டிருக்கும்படி வண்டியில் சிக்னல் வாங்கும் பெட்டியைச் செய்தவர்கள் முன்னமே வைத்திருந்தார்கள்.

"இத மாத்தணும் மாமா. சிக்னல் போனா தானா நின்னுரணும்."

"நிக்கவா? ஏலேய், பொறப்பட்ட சாமி நடுவழியில நிக்கப்பிடாதுல. எவன் வீட்டு வாசல்ல நின்னாலும் அந்த வீட்டுக்கு ஆகாது. ஓடிக்கிட்டே இருக்கட்டும். நீ ஒண்ணும் டென்ஷன் எடுக்காத."

எனக்கு எப்படி இல்லாமல் இருக்கும்? சந்து திரும்பும் முக்கில்தான் எங்கள் வீடு. சாமி வரும் நேரத்தில் பெண்கள் வாசலில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பார்கள். என் அண்ணன் மனைவி, என் மதினி, அந்த வரிசையில் முதல் ஆளாக முக்கிலேயே உட்காருவாள். அவள் அப்போது மாசமாக இருந்தாள். முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. இந்தப் பிள்ளைக்காக வேண்டித்தான் பொங்கலே வைத்தாள். வண்டி திரும்பாமல் நேரே ஓடினால் அவள் மேல்தான் ஏறும்.

மாமாவிடம் மேலே பேசவில்லை. நிற்கும்படி மாற்றி வைத்தேன். செங்கல் மேல் ஏற்றி மறுபடி மறுபடி அணைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சக்கரம் நின்றது.

கொடையன்று மழை. நீலத் தார்ப்பாயின் அடியில் சந்து நிறைய சனம், நனைந்த உடம்பும் குடையுமாக. நான் ரிமோட்டோடு வண்டிக்குப் பின்னால் வந்தேன். மேளம் உச்சத்துக்குப் போனதும் கூட்டம் எனக்கும் வண்டிக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு புகுந்தது. சப்பரத்தின் உச்சிப் பூ மட்டும் தலைகளுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. முக்கு வந்தது. பூ நின்றது.

மேளம் ஒவ்வொன்றாக அடங்கியது. வண்டியைப் பின்னுக்கு எடுக்கும் விசையை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"வழி விடுங்க, வழி விடுங்க!"

யார் கேட்டார்கள்? எல்லோரும் கை கூப்பிக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் குரல் கேட்டது: "அம்மன் ஏதோ கேக்கா. குடுத்திருங்கட்டி!"

இடுக்கில் மதினி தெரிந்தாள். வண்டியின் முன்சக்கரம் அவள் அடுப்பை ஒட்டி நின்றிருந்தது. அவள் முந்தானையால் பிடித்துப் பானையை இறக்கி, சப்பரத்தின் முன்னால் வைத்தாள். அது இன்னும் பொங்கியிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நானும் தோளால் இடித்துக்கொண்டு கிட்டே வந்துவிட்டேன். சிக்னல் வந்தது. என் விரல் அந்த விசையில்தான் இருந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் பின்னால் நகர்ந்து, முக்கில் திரும்பிப் போனது.

குலவைச் சத்தம் எழுந்தது. அதற்குள்ளே யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: "வாங்கிட்டா."

மறுநாள் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனுச உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், இந்த சிக்னலைத் தண்ணீர் குடித்துவிடும், அவ்வளவு பேர் நடுவில் நின்றதால் அறுந்துபோனது, அறுந்தால் நிற்கும்படி வைத்தது நான்தான் என்று.

"அப்ப நீயா நிப்பாட்டுன?"

"இல்ல மாமா, சிக்னல் போச்சு."

"சந்து முழுக்கப் போவாத சிக்னலு உங்க வாசல்ல மட்டும் போச்சோ? யாருல போக வச்சா?"

அவரோடு வழக்காட முடியும். மதினியோடு முடியவில்லை. அவள் சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு அசைவுக்காகக் காத்து உட்கார்ந்திருப்பாள். அசைந்தாலும் முகம் தெளியாது. தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பேச்சு எடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். "அவுங்களுக்கு என்ன தெரியும், பொங்காத பானையோட அம்மன் என்னத்த வாங்கினான்னு" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே கேட்டாள்.

"கொழுந்தனாரே, அந்த வண்டியக் கொண்டாங்க. எப்படி நின்னுச்சுன்னு எனக்குக் காட்டுங்க."

சப்பரம் இல்லாத வெறும் சட்டத்தைக் கொண்டுவந்தேன். அன்று போலவே பின்னால் நின்று ஓட்டினேன். வண்டி முக்கு வரை வந்தது. நிற்காமல் திரும்பிப் போனது. இன்னும் தள்ளி நின்று ஓட்டினேன். அப்போதும் போனது. ரிமோட்டை அணைத்துக் காட்டினேன். நின்றது.

"நீங்க அணைச்சா நிக்கும். அன்னைக்கு நீங்க அணைக்கலியே."

"ஆளு வேணும் மதினி. அன்னைக்கு மாதிரி நெருக்கமா நிக்கணும்."

ஏணியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் நடுவில் வந்து நில்லுங்கள் என்றேன். "சாமி நின்ன எடத்துல போயி நிக்கச் சொல்லுதியே, உனக்குக் கிறுக்காடே?" என்று சிரித்தான் ஒருவன். மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போனார்கள்.

மதினி வாசலை விட்டு இறங்கினாள். சந்தின் நடுவில் எனக்கு எதிரே வந்து நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் வண்டி என்னைப் பார்க்கத் திரும்பி நின்றது.

"நான் நிக்கேன். ஆளு நின்னா நிக்கும்னு சொன்னீங்கல்லா? இங்கிட்டு வரட்டும். ஓட்டுங்க."

ஓர் உடம்பு போதாது. அது எனக்குத் தெரியும். விசையை அழுத்தினால் வண்டி நிற்காமல் அவள் மேல் வரும்.

"மதினி, ஒரு ஆளுக்கெல்லாம் அது…"

"ஓட்டுங்க."

அவளைச் சுற்றிப் போய் வண்டியை அணைத்தேன். பிறகு ரிமோட்டை. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கே நம்பிக்க இல்ல" என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.