இரண்டு ஊசியும் ஒரே நாளில்

யூஜினிக்கு ஐம்பத்துமூன்று வயது. ரொறன்ரோவில் அஜின்கோர்ட் பக்கம் ஒரு அடுக்குமாடியின் ஏழாவது மாடியில், கணவர் கஸ்பரோடும் மகள் ஜெனாட்டோடும் இருக்கிறாள். ஹொட்டேல் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து அழுத்திக் கொடுக்கும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருட வேலை. பெரிய உருளைக்குள்ளால் ஆவி பறக்க வருகிற விரிப்பை, எதிரில் நிற்பவளோடு சேர்ந்து பிடித்து மடித்து அடுக்க வேண்டும். விடிய ஐந்து மணிக்குத் தொடங்கினால் பின்நேரம் இரண்டு மணிக்கு முடியும். வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திச் செபம் சொல்லாமல் அவள் தேத்தண்ணி குடிக்க மாட்டாள். கோபித்துப் பேசி ஆரும் கேட்டதில்லை.

அந்த ஆவியோ, நித்திரை இல்லாத வருடங்களோ, அவளுடைய இரண்டு கண்ணுக்குக் கீழும் குழி விழுந்து கறுத்துப்போயிற்று. அவள் அதைக் கவனித்ததே இல்லை, ஜெனாட்டின் நிச்சயதார்த்தம் வரைக்கும்.

மாப்பிள்ளை ஜோசுவாவின் தாய் கிளடிஸ். விட்பியில் இருக்கிறா. மனதில் வந்ததை வாயில் சொல்லிவிடுகிற மனுசி. நிச்சயதார்த்தப் படங்களைப் போனில் பார்த்துக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கச் சொன்னா:

"என்ன சம்மந்தி, பிள்ளையைத் தர மனமில்லையோ? எல்லாப் படத்திலையும் அழுது முடிச்ச மாதிரி நிக்கிறியள்!"

எல்லாரும் சிரித்தார்கள். யூஜினியும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து அதே படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தபோது அவளுக்கு நெஞ்சுக்குள் திக்கென்றது.

ஏனென்றால், கஸ்பர் ஒரு காலத்தில் குடித்தவர். வந்த புதிதில், இரண்டு வேலை செய்த காலத்தில், கோயில் ஒன்றுகூடல்களில்கூட நிலை தடுமாறி நின்றிருக்கிறார். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை அன்று சிலுவைக்கு முன்னால் விழுந்து நேர்த்தி வைத்தார். அதற்குப் பிறகு ஒரு சொட்டும் இல்லை. குடித்த நாளிலும் அவர் அவள் மேல் கை வைத்ததில்லை. அது யூஜினிக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். பார்த்துக்கொண்டிருந்த சனத்துக்குத் தெரியுமா? அழுது முடிச்ச மாதிரி நிற்கிற பெண்சாதியைப் பார்த்தால், அந்த மனிசனைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

இதுதான் அவளை முகத்துக்கு ஊசி போட வைத்தது. அழகுக்கு ஆசைப்பட்டு அல்ல.

தவக்காலத்தில் கலியாணம் வைக்க முடியாது என்பதால், உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமை என்று நாள் குறித்திருந்தார்கள். பெரிய வியாழன் காலையில், ஜெனாட்டின் சாறிக்கு மணி தைக்கக் கொடுக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, ஒரு பிளாசாவின் மேல்மாடிக் கிளினிக்குக்குப் போனாள். நேர்ஸ் நிரூபா, முப்பது வயது வரும், தமிழ்ப் பிள்ளைதான். முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அன்ரி, கண் ஓரச் சுருக்கத்துக்குப் பொடொக்ஸ். கீழ் குழிக்குப் பில்லர், குழியை நிரப்புற ஊசி. இண்டைக்கு ஒண்டு செய்வம், ரெண்டு கிழமை கழிச்சு மற்றது."

"ரெண்டு கிழமையில கலியாணம் முடிஞ்சிடும் பிள்ளை. எனக்கு லீவு இண்டைக்கும் நாளைக்கும்தான்."

"ரெண்டையும் ஒரே நாளில செய்யிற ஆக்களும் இருக்கினம். ஆனா உங்கட தோல் சரியான மெல்லிசு. எத்தினை தரம் குத்துறமோ அத்தினைக்கு அத்தினை தோல் நீலமாக் கண்டிப்போகச் சான்ஸ் கூட. வீக்கம் வந்தாலும் எந்த ஊசியால வந்தது எண்டு சொல்லேலாது. கலியாணத்துக்கு ஒன்பது நாள்தான் கிடக்கு. அதுக்குப் பிறகு வாங்கோவன்."

"அதுக்குப் பிறகு எனக்கு என்னத்துக்குப் பிள்ளை?" யூஜினியின் குரல் உடைந்துவிட்டது. நிரூபா அவளுடைய முகத்தை இன்னொரு தரம் வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு கையுறையை எடுத்தாள்.

"மருந்து ஏதும் எடுக்கிறனீங்களோ? இரத்தம் இளக்கிற மாதிரி?"

"ஒண்டும் இல்லை."

யூஜினிக்கு மருந்து என்றால் டொக்டர் எழுதித் தருவது. கடையில் அவளாகவே வாங்கித் தினமும் விழுங்குகிற மீன் எண்ணெய்க் குளிசையும், முழங்கால் நோவுக்கு வேலைக்கு முன்னால் போடுகிற குளிசையும் அவள் கணக்கில் மருந்து அல்ல. அவை இரண்டும் இரத்தத்தை உறைய விடாமல் பண்ணும் என்று அவளுக்கு ஆர் சொன்னது?

போகும்போது நிரூபா கையைப் பிடித்துச் சொன்னாள். "ரெண்டு நாளைக்குத் தலையைக் குனியாதேங்கோ. முகத்தை அழுத்தாதேங்கோ. சூடு வைக்கவே கூடாது, ஐஸ்தான். பார்வை மங்கினா, தோல் வெளிறினா, தாங்கேலாத நோ வந்தா, எனக்குப் போன் அடிச்சுக்கொண்டு நிக்காமல் உடனே எமேர்ஜென்சிக்குப் போங்கோ. விளங்குதோ?"

"ஓம் பிள்ளை."

அன்று கொஞ்சம் தடிப்பு மட்டுந்தான். கஸ்பர் கவனிக்கவில்லை.

மறுநாள் பெரிய வெள்ளி. மூன்று மணிக்குக் கோயிலில் சிலுவை முத்தி. சப்பாத்தைக் கழற்றி, மூன்று தரம் முழந்தாளிட்டு, ஒவ்வொரு தரமும் நெற்றி தரையில் படக் கும்பிட்டு, பிறகுதான் ஆண்டவரின் பாதத்தை முத்துவார்கள். வரிசையில் நிற்கும்போது நிரூபா சொன்னது யூஜினிக்கு நினைவு வந்தது. அவளுக்கு முன்னால் கஸ்பர் குனிந்தார், நேர்த்தி வைத்த அதே இடத்தில். ஆண்டவருக்கு முன்னால் எனக்கு மட்டும் குனியேலாதோ என்று நினைத்தாள். குனிந்தாள். மூன்றாம் தரம் நெற்றி தரையில் பட்டபோது இடது கண்ணுக்குக் கீழ் ஏதோ சூடாகத் துடித்தது.

சனிக்கிழமை காலையில் இடது கண் பாதிதான் திறந்தது. கீழே வீக்கம் நாவற்பழ நிறத்தில் கன்னம் வரை இறங்கிக் கிடந்தது. வலது கண்ணும் நீலம் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

கஸ்பர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஐயோ, என்னப்பா உது?"

"குசினி அலுமாரிக் கதவு பட்டுட்டுது."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. சட்டியில் உப்பை வறுத்தார், தான் உடுத்துகிற பழைய சாரத்தில் ஒரு துண்டு கிழித்து அதில் முடிந்தார். தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அவளுடைய கண்ணுக்குக் கீழ் வைத்தார். குழந்தைக்கு வைப்பதுபோல மெதுவாக.

சூடு வைக்கவே கூடாது.

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். யூஜினி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். "சுகமாய்க் கிடக்கோ?" என்று கேட்டார். "ஓம்" என்றாள். அவர் மத்தியானமும் ஒரு தரம் வைத்தார்.

பின்நேரம் இடது கண் முழுதாக மூடிவிட்டது. கலியாண வேலையாகப் பிறம்ரனுக்குப் போயிருந்த ஜெனாட் அப்போதுதான் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஓ மை கோட். அம்மா, வட் ஹப்பின்ட்?"

"கதவு பட்டது பிள்ளை."

"ரெண்டு கண்ணிலயுமா?"

ஜெனாட் மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். முகத்தை அல்ல, கையை. உப்பு முடிச்சுப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கஸ்பர் அந்த முடிச்சைப் பிடித்தபடியே நின்றார்.

யூஜினி குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நிரூபாவுக்குப் போன் அடித்தாள். முகம் தெரிகிற மாதிரிப் போனைச் சுவரில் சாத்தி வைக்கச் சொன்னாள் நிரூபா. அவளுடைய குரலில் பதற்றம் தெரிந்தது.

"அன்ரி, வலது கண்ணைப் பொத்துங்கோ. இடது இமையை விரலால தூக்குங்கோ, அழுத்தாமல். முன்னால இருக்கிற ஏதாவது எழுத்து வாசியுங்கோ."

ஷாம்பூப் போத்தலில் இருந்த சின்ன இலக்கங்கள் முதலில் கலங்கின. மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டு கண்ணீரை உதறிவிட்டுத் திரும்பப் பார்த்தாள். "ஏழு... ஐஞ்சு... பூச்சியம்."

"ஒண்டு ரெண்டாத் தெரியுதோ?"

"இல்லை."

"தோல் வெள்ளையா எங்கையும்? குத்திற நோ?"

"இல்லைப் பிள்ளை, பாரம்தான்."

நிரூபா மூச்சு விட்டது போனில் கேட்டது. "அப்ப கண்டலும் வீக்கமும்தான் போல. ஆனா இவ்வளவு வரக்கூடாது. உண்மையைச் சொல்லுங்கோ, என்ன குளிசை போடுறனீங்கள்? சூடு வைச்சியளோ?"

யூஜினி எல்லாவற்றையும் சொன்னாள். மீன் எண்ணெய், முழங்கால் குளிசை, சிலுவை முத்தி, உப்பு ஒத்தடம்.

"அன்ரி, அன்ரி..." என்றாள் நிரூபா. திட்டவில்லை. "சூடு இனி வேண்டாம். தலைக்கு ரெண்டு தலையணை வையுங்கோ. அந்தக் குளிசைகளை விடுங்கோ. நாளைக்குக் கிளினிக் பூட்டு, ஆனா நான் வந்து திறக்கிறன். பூசை முடிய நேரா வாங்கோ. அதுக்கிடையில பார்வையில ஏதும் வித்தியாசம் எண்டா ஆஸ்பத்திரி."

ஞாயிறு காலையில் கறுப்புக் கண்ணாடியோடு கோயிலுக்குப் போனாள். உயிர்த்த ஆண்டவரைப் பாடும்போதும் அதைக் கழற்றவில்லை. ஜெனாட் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்காமல் அடுத்த வாங்கில் இருந்தாள்.

பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும். கிளடிஸ் குடும்பம் விட்பியிலிருந்து வந்திருந்தது. அவ நேரே யூஜினியிடம் வந்தா.

"என்ன சம்மந்தி, மண்டபத்துக்குள்ள வெயில் அடிக்குதோ? கழட்டுங்கோ பாப்பம்."

"கண் நோ, சம்மந்தி."

"என்ன கண் நோ?" என்று சொல்லிக்கொண்டே அவவே கண்ணாடியைக் கழற்றிவிட்டா.

பக்கத்தில் பேசிக்கொண்டு நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கிளடிஸின் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. கண்ணாடியை மெதுவாக மடித்தா.

"கதவு பட்டது" என்றாள் யூஜினி.

"எந்தக் கதவு ரெண்டு கண்ணிலயும் படும்?" என்று கேட்டா கிளடிஸ். இந்த முறை பகிடி இல்லை. கஸ்பர் இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு அந்த நேரம் வந்து நின்றார். கிளடிஸ் அவர் பக்கம் திரும்பினா. "கஸ்பர் அண்ணை, கோவிக்காதேங்கோ. திரும்பத் தொடங்கிட்டியளோ? என்ர பிள்ளை கலியாணம் முடிக்கப்போற வீடு, நான் கேக்கத்தான் வேணும்."

கஸ்பர் வாயைத் திறந்தார். கோப்பைகள் மட்டும் தட்டில் கிணுகிணுத்தன. அந்தச் சத்தத்தைத்தான் யூஜினியால் தாங்க முடியவில்லை. பதினொரு வருடம். ஒவ்வொரு கலியாணத்திலும் ஒவ்வொரு செத்த வீட்டிலும் வேண்டாம் என்று சொல்லிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற மனிசன்.

"ஊசி போட்டனான்" என்றாள்.

"என்ன?"

"முகத்துக்கு ஊசி போட்டனான். கண் ஓரத்துக்கு ஒண்டு, குழிக்கு ஒண்டு. ரெண்டையும் ஒரே நாளில போட வேண்டாம் எண்டு அந்த நேர்ஸ் பிள்ளை சொன்னது. நான்தான் கேக்கேல்லை. குளிசை எடுக்கிறதையும் மறைச்சனான். இவர் ஒரு சொட்டும் தொடேல்லை, என்னையும் தொடேல்லை. இவருக்கு ஒண்டும் தெரியாது. அழுத மாதிரி நிக்கிறன் எண்டு நீங்கள் சொன்னதுக்குத்தான் போட்டனான், சம்மந்தி."

கிளடிஸின் கை வாய்க்குப் போயிற்று. "நான் பகிடிக்குச் சொன்னது, யூஜினி." அவ கஸ்பரைப் பார்த்தா. "அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. என்ர வாய்."

"பரவாயில்லை தங்கச்சி" என்றார் கஸ்பர். கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

பின்னால் ஆரோ ஒரு மனுசி குசுகுசுவென்று கேட்பது யூஜினிக்குக் கேட்டது. "எந்தக் கிளினிக்காம்?"

கஸ்பர் காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார். யூஜினி பக்கத்தில் ஏறினாள்.

"நான் ரெண்டு தரம் சூடு வைச்சனான்" என்றார். "நீ வாய் திறக்கேல்லை."

"சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா என்ன? சிரிச்சிருப்பன், அவ்வளவுதானே." அவர் வெளியே பார்த்தார். "பிள்ளை நேற்று என்ர கையைப் பார்த்தவள், யூஜி."

யூஜினி அவருடைய கையின் மேல் தன் கையை வைத்தாள்.

பின்கதவு திறந்தது. ஜெனாட், கோயில் குசினியிலிருந்து ஒரு பையில் ஐஸும் பேப்பர்த் துவாயும் கொண்டு வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. ஏறி இருந்து, பையைத் துவாயால் சுற்றி, அம்மாவிடம் கொடுக்காமல் அப்பாவின் தோளுக்கு மேலால் நீட்டினாள்.

"நீங்க வையுங்கோ அப்பா. சொறி."

கஸ்பர் அதை வாங்கினார். யூஜினியின் கன்னத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

"அழுத்தலாமோ?"

"இல்லை. சும்மா வைச்சாப் போதும்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிசம். பிறகு நிரூபாவிட்டப் போகவேணும்."

அவர் காரின் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஐஸை மெதுவாக வைத்தார். பத்து நிமிடம் முடியும் வரைக்கும் கையை அசைக்கவில்லை.