மாவக்காவின் பகல் தூக்கம்

ஊர் பல் தேய்க்கும் நேரத்தில் மாவக்கா படுக்கையை உதறிப் போடுவாள்.

ரொட்டி ஆலையில் அவளுக்கு ராத்திரி வேலை. மாவும் தண்ணீரும் ஈஸ்ட்டும் உப்பும் அளந்து கொட்டி, பெரிய தொட்டியில் இயந்திரம் பிசைந்து முடித்ததும், ஒரு துண்டு கிள்ளி விரல்களுக்கிடையே இழுத்துப் பார்த்துப் பதம் சொல்பவள் அவள்தான். அவள் தலையசைத்தால்தான் மாவு அடுப்புப் பக்கம் போகும். அந்த வேலையோடு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் சொந்தப் பெயரைத் தின்றுவிட்டது. விசேஷப் பத்திரிகையில்கூட 'மாவக்கா குடும்பத்தினர்' என்றுதான் எழுதி அனுப்புகிறார்கள்.

ரொட்டி வண்டிகள் கிளம்பிய பிறகு முழங்கை வரை மாவு வாசனையோடு வீட்டுக்கு வருவாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கேஸ் தீரப்போகுது, தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன், பெரியவ போன் பண்ணினா என்று இரண்டு ஜோடிச் செருப்புகளுக்கு நடுவில்தான் அவர்கள் குடித்தனம் நடந்தது. சண்டை போடக்கூட நேரம் கிடைத்ததில்லை. கிடைத்திருந்தாலும் அவர் போட்டிருக்க மாட்டார். ஹாரன் அடிக்கவே கூச்சப்படுகிற மனிதர்.

வாடகை வீடுகளாக மாறி மாறிக் கடைசியில் சொந்தமாக ஒன்று கட்டியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பின்பக்கம் ஓர் அறை, அதில் மிகச் சிறிய ஜன்னல். காற்றே வராதே என்று கொத்தனார் தலையைச் சொறிந்தார். "காத்து வரலன்னா பரவாயில்ல. பகல் வராம இருந்தா போதும்" என்றாள். அந்த ஜன்னலுக்கும் கறுப்புத் துணி தைத்துப் போட்டாள். வெளியே உச்சிவெயில் அடிக்கும்போது அந்த அறைக்குள் அவளே செய்துகொண்ட ஒரு ராத்திரி இருக்கும். அதற்குள் போய்ப் படுத்துக்கொள்வாள்.

பக்கத்து வீட்டுக்கு மைக்செட்காரர் குடிவந்ததோடு அந்த ராத்திரியில் ஓட்டை விழுந்தது.

மைக்செட்காரர் கெட்டவர் இல்லை. கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். போய்வந்த ஒவ்வொரு பெட்டியையும் ஓடவிட்டுப் பார்த்துத்தான் அடுத்த இடத்துக்கு அனுப்புவார். தொழில் சுத்தம். அதற்காக அவர் போட்டுக்கொண்ட தகரக் கொட்டகை மாவக்காவின் பின்னறைச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றது. காலைப் பலகாரம் முடித்துவிட்டு வருவார். "ஹலோ... ஹலோ... ஒன்னு... ரெண்டு... ஒன்னு... ரெண்டு..." சுவர் அதிரும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். மூன்று என்று அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. மூன்று சொல்லித் தொலைத்தாலாவது முடிந்தது என்று கண்ணை மூடலாம். ஒன்று, இரண்டிலேயே நிற்கிறவனுக்காக உடம்பு காத்துக்கொண்டே கிடக்கும்.

முதல் வாரமே போய்க் கேட்டாள். அவர் பதறிப்போய் நாற்காலி போட்டார். இத்தனை வருடம் பெட்டிகளோடு கிடந்ததில் அவர் காதும் பாதி போய்விட்டிருந்தது. ரகசியம் சொன்னாலும் தெருவுக்குக் கேட்கும்.

"பகல்லதானேக்கா பண்றேன்? ராத்திரி என் வீட்லேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சுன்னா என்னை என்னன்னு கேளுங்க."

"ராத்திரி நீங்க என்ன வேணா பண்ணுங்க தம்பி. நான்தான் வீட்லயே இருக்க மாட்டேனே."

சிரித்துவிட்டார். இரண்டு நாள் சத்தத்தைக் குறைக்கவும் செய்தார். மூன்றாம் நாள் ஏதோ பெரிய கூட்டத்துக்குப் பெட்டிகள் கேட்டு ஆள் வந்தது. பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

நகராட்சியில் புகார் கொடுத்தாள். ஆய்வாளர் வந்தார். கொட்டகையைப் பார்த்தார், சுவரைத் தட்டினார், விதி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை. அந்த நேரத்துக்குள் சத்தம் போட்டால் பெட்டியையே பறிமுதல் செய்யலாமாம்.

"பகலுக்கு?"

"பகல்ல ஊரே முழிச்சிருக்குமேம்மா."

"நான் ஊருக்குள்ளதானே சார் இருக்கேன்?"

அவர் குறிப்பேட்டை மூடிக்கொண்டு கிளம்பினார். விதி எழுதியவர்கள்மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. எல்லோரும் ராத்திரி தூங்குகிறவர்கள். காலையில் கதவுக்கு வெளியே ரொட்டி தானாக முளைக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

கணவர் தன்னால் ஆனதைச் செய்தார். காதில் அடைக்கப் பஞ்சு வாங்கி வந்தார். மெழுகு உருண்டை வாங்கி வந்தார். பழைய மெத்தை ஒன்றைத் தூக்கிச் சுவரில் சாத்தினார். மெத்தைதான் நன்றாகத் தூங்கியது. விட்டுவிடு, பக்கத்து வீட்டுக்காரர், நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டாமா என்று நிலைப்படியில் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய அண்ணன் வந்து, வீட்டை விற்றுவிட்டு வேறு பக்கம் போவதுதான் புத்திசாலித்தனம் என்று காபி குடித்தபடி யோசனை சொன்னார்.

"வித்துட்டுப் போற வீட்டுக்குப் பக்கத்துல ஒரு தகரப் பட்டறை வரும். அப்புறம் அதையும் வித்துட்டுப் போகணும். ஊர் எல்லை வரைக்கும் நான் வித்துக்கிட்டே போகவா, அத்தான்? சத்தம் அவங்களுது. போறது நானா?"

அண்ணன் காபியை முழுதாகக் குடிக்காமல் எழுந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உப்பு விஷயம் நடந்தது. தூக்கம் கெட்ட கண்ணோடு ஒரு நாள் தொட்டியில் எல்லாவற்றையும் கொட்டினாள், உப்பைத் தவிர. உப்பில்லாத மாவுக்குக் கட்டுப்பாடு கிடையாது. தறிகெட்டு உப்பி, அச்சைத் தாண்டி வழியும். விரலில் இழுத்துப் பார்க்கும்போதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு விரலும் தூங்கியது. தலையசைத்துவிட்டாள். காலையில் ஊரே உப்புச் சப்பில்லாத ரொட்டியைக் கடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஆலை மேஸ்திரி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இன்னொரு தடவை இப்படி ஆனால் மாவிலிருந்து எடுத்து உறை போடுகிற பக்கம் போட வேண்டியிருக்கும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கைப்பதத்தை விடுவதா, கட்டின வீட்டை விடுவதா. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நிறுத்துப் பார்த்தாள். வாசலுக்கு வந்தபோது முடிவுக்கு வந்திருந்தாள். இரண்டையும் விடுவதாக இல்லை.

மறுநாள் ஆலையிலிருந்து நேரே நகராட்சிக்குப் போனாள். வீடுகள் உள்ள தெருவில் பகலிலும் ஒலிபெருக்கி ஓட்டக் கூடாது என்று விதியைத் திருத்தச் சொல்லி மனு கொடுத்தாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் அம்மாள் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள். முன்பு கொடுத்த புகார் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "எல்லாம் பரிசீலனையில இருக்கும்மா. காத்திருங்க" என்றாள்.

எதிர்ச்சுவரில் ஒரு பலகை தொங்கியது: மனுதாரர்கள் இங்கே காத்திருக்கவும். அதன்கீழ் நீளமான மரப் பெஞ்சு. மாவக்கா உட்கார்ந்தாள். பழைய காலத்துக் கட்டடம், ஒரு முழம் தடித்த சுவர். வெளியே வண்டிகள் போவது வேறு ஏதோ ஊரில் போவதுபோலக் கேட்டது. காகிதம் புரளும் சத்தம், மின்விசிறியின் முனகல். எத்தனையோ நாளாகக் காதுக்குள் நின்றுகொண்டிருந்த ஒருவன் இறங்கிப் போனதுபோல இருந்தது. எப்போது சாய்ந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கண் விழித்தபோது பெருக்குகிறவர் அவள் காலைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மாவு பட்டுப்போல வந்தது.

அடுத்த நாள் தலையணையோடு போனாள்.

காவலாளி தடுத்தார். இது ஆபீஸும்மா என்றார். அவள் முத்திரை குத்திய நகலைக் காட்டினாள். "காத்திருக்கச் சொல்லியிருக்காங்க. எப்படிக் காத்திருக்கணும்னு சொல்லல." காவலாளி பலகையைப் படித்தார், மறுபடி படித்தார், நகர்ந்துகொண்டார். அவள் தலையணையைத் தட்டிப் போட்டு, முந்தானையால் முகத்தை மூடிப் படுத்தாள். அதற்கடுத்த நாள் போர்வையும் வந்தது.

கணவருக்கு ஊரில் தலைகாட்ட முடியவில்லை. வேனில் பிள்ளைகளே கேட்டார்களாம். "மானம் போகுது" என்றார் நிலைப்படியில். "தூக்கம் போனப்ப யாரும் கேக்கல" என்றபடி செருப்பைக் கழற்றினாள்.

நகராட்சிக்காரர்களுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. வேடிக்கை தீர்ந்ததற்குக் காரணம் குறட்டை. மாவக்காவின் குறட்டை சாதாரணக் குறட்டை இல்லை. மெதுவாகத் தொடங்கி, திரண்டு, உச்சிக்குப் போய் அங்கே கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, திடீரென்று இறங்கும். வார விடுமுறையில் மட்டும் அதைக் கேட்டுப் பழகிய கணவருக்கே அதன் முழு வீச்சு தெரியாது. நகராட்சிக்குத் தெரிந்தது. கூட்டல் தப்பியது. தொலைபேசியில் பேசுகிறவர்கள், கட்டட வேலை நடக்கிறதா என்று கேட்டார்கள். பக்கத்து அறையில் நகராட்சித் தலைவியைப் பார்க்க வந்த பெரிய மனிதர் ஒருவர், சொல்ல வந்ததை அந்த உச்சியில் மறந்துவிட்டு, இறங்கும்போது திடுக்கிட்டாராம்.

ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த எழுத்தர் அம்மாள் கடைசியில் எழுந்து வந்து அவளை உலுக்கினாள். தலைவியும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க குறட்டையில எங்களால வேலை பார்க்க முடியல. தலை வெடிக்குது."

மாவக்கா முகத்திலிருந்து முந்தானையை விலக்கினாள். அவசரப்படாமல் எழுந்து உட்கார்ந்து கொண்டையை முடிந்தாள்.

"பகல்லதானேம்மா விடுறேன்?"

எழுத்தர் அம்மாள் தலைவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ராத்திரி பத்துக்கு மேல ஒரு சத்தம் வந்துச்சுன்னா என்னைப் பிடிச்சுக் குடுங்க. பகல்ல கூடாதுன்னு விதியில எங்க இருக்கு? தேடிப் பாருங்க. நான் காத்திருக்கேன்." மறுபடி படுத்தாள். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தலைவி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, ஆய்வாளரைக் கூப்பிட்டு அந்த மனு எங்கே என்று கேட்டார். குறட்டை தொடங்குவதற்குள் மனு கிடைத்துவிட்டது.

மாதக் கூட்டத்தில் அதை எடுத்தார்கள். மைக்செட்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். கூட்ட அறையின் ஒலிபெருக்கியே அவர் வாடகைக்கு விட்டதுதான். அவர் பக்கத்தைச் சொல்லச் சொன்னதும் எழுந்தார், பழக்கத்தில் ஒலிவாங்கியைத் தட்டினார், "ஹலோ... ஒன்னு... ரெண்டு..." என்றார்.

"மூணு" என்றாள் மாவக்கா பின்வரிசையிலிருந்து. "முடிஞ்சுதா தம்பி? இனிமே பேசுங்க."

அறை குலுங்கியது. அவரும் சிரித்துவிட்டு, பெட்டியை ஓட்டிப் பார்க்காமல் அனுப்பினால் மேடையில் மானம் போய்விடும், வேறு இடம் கொடுத்தால் தனக்கொன்றும் ஆட்சேபம் இல்லை என்றார். ஓர் உறுப்பினர் எழுந்து, ஒரு பெண்மணியின் தூக்கத்துக்காக ஊர் விதியையே மாற்றுவதா, கொஞ்சம் அனுசரித்துப் போகலாமே என்றார். மாவக்கா எழுந்தாள்.

"அனுசரிச்சதாலதான் உங்களுக்கு ஒரு நாள் உப்பில்லாத ரொட்டி வந்துச்சு. நினைவிருக்கா? நான் யாருகிட்டயும் இரக்கம் கேட்டு வரல. என் வீட்டுக்குள்ள நான் தூங்கணும். அதுக்கு ஒரு விதி வேணும். உங்க தூக்கத்துக்கு இருக்கே, அந்த மாதிரி."

உட்கார்ந்துவிட்டாள். கை தூக்கச் சொன்னார்கள். முன்வரிசையில் ஒருவர் யோசித்தார். ராத்திரி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மருமகள் நினைவுக்கு வந்திருக்கலாம், தூக்கினார். அவரைப் பார்த்துப் பக்கத்தவர் தூக்கினார். அனுசரிக்கச் சொன்னவர் கடைசிவரை தூக்கவில்லை. தீர்மானம் அவரைத் தாண்டிப் போனது. வீடுகள் உள்ள தெருவில் இரவோ பகலோ திறந்த இடத்திலோ கொட்டகையிலோ ஒலிபெருக்கி ஓட்டக் கூடாது. சோதனைக்குக் காலியாகக் கிடக்கும் நகராட்சிக் கிடங்கைப் பயன்படுத்தலாம். அடுத்த மாதம் முதல் அமல்.

"அடுத்த மாசமா?" என்றாள் மாவக்கா.

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்கேம்மா" என்றார் தலைவி.

"இருக்கட்டும். எனக்கும் பெஞ்சு இருக்கு."

மறுநாள் காலை அவள் நகராட்சிப் படியேறியபோது பின்னாலிருந்து ஒரு கை நீண்டு தலையணையை வாங்கிக்கொண்டது. கணவர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நேரே வந்திருந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பெஞ்சைத் துண்டால் தட்டினார், போர்வையை விரித்தார், அவள் காலடியில் நாளிதழோடு உட்கார்ந்துகொண்டார். முகம் சிவந்துதான் இருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை.

அவள் கண்ணை மூடிக் கொஞ்ச நேரத்தில் தலைவி கைபேசியில் உரக்கப் பேசிக்கொண்டே அறையிலிருந்து வந்தார். ஹாரன் அடிக்கக் கூச்சப்படுகிற மனிதர் நாளிதழுக்கு மேலே தலையைத் தூக்கினார்.

உதட்டில் விரலை வைத்தார்.

தலைவி குரலைத் தாழ்த்திக்கொண்டு, அடிமேல் அடி வைத்துப் பெஞ்சைக் கடந்து போனார்.