கேரேஜ் கதவுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கேரேஜ் கதவின் சுவிட்சை நான் இன்னும் தொடவில்லை.

கதவைத் தூக்கி இறக்கும் மோட்டார் போன மாதம் உயிரை விட்டது. ஆளைக் கூப்பிடச் சொன்னாள் மனைவி. மெக்கானிக்கல் படித்தவன் ஆளைக் கூப்பிடுவானா? புதிதாக ஒன்று வாங்கி, ஏணி போட்டு, நானே மாட்டினேன்.

பழையதில் இல்லாத வசதி ஒன்று இதில் உண்டு. கதவின் இரு பக்கமும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், எதிரெதிராகச் சென்சார்கள். குறுக்கே யாராவது வந்தால் கதவு இறங்காது. இதற்காகவேதான் வாங்கினேன். வீட்டில் ஒரே மகள்... கவலைப்படுவதுதானே என் முழுநேர உத்தியோகம்?

பூஜையன்று கார், ஸ்கூட்டி, மிக்ஸி, கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றுக்கும் மனைவி சந்தனம், குங்குமம் வைத்தாள். பிறகு நான் சுவிட்சைத் தட்டினேன். கொஞ்சம் இறங்கிய கதவு, மறுபடி மேலே போய்விட்டது. மீண்டும் தட்டினேன். அதேதான்.

"அப்பவே சொன்னேன், ஆளைக் கூப்பிடுங்கன்னு" என்றாள் மனைவி.

விடுவேனா? சுவிட்சை அழுத்திப் பிடித்தால் சென்சாரை மீறிக் கதவு இறங்கிவிடும், கையை எடுத்தால் மேலே போய்விடும் என்று மேனுவலில் படித்திருந்தேன். அழுத்திப் பிடித்தேன். இறங்கியது.

பிளஸ் டூ படிக்கும் மகள் வெளியே, ரோட்டில் உடைத்த பூசணிக்காயை ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கார் மறைத்ததால் உள்ளே நின்ற எனக்கு அவள் தெரியவில்லை. கதவு இறங்குவதைப் பார்த்ததும், குனிந்து உள்ளே ஓடி வந்தாள். குறுக்கே போனால் நின்றுவிடும் என்ற நம்பிக்கை. நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

நிற்கவில்லை. பூசணி ஒட்டிய செருப்பு வழுக்கி — கதவுக்கு நேர் கீழே விழுந்தாள்.

"அப்பா!"

என் கை தானாகச் சுவிட்சை விட்டது. கதவு அவள் முதுகை உரசிவிட்டு மேலே போனது.

முழங்காலில் சிராய்ப்பு. அவ்வளவுதான். உட்கார்ந்தபடியே பக்கத்தில் எட்டிப் பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா... சென்சாருக்குமா பொட்டு வெப்ப?"

போய்ப் பார்த்தேன். சென்சாரின் கண்ணாடியை அடைத்துக்கொண்டு சந்தனம். நடுவில் குங்குமம்.

"புது மெஷினாச்சேன்னு..." மனைவி முந்தானையால் அதைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எதிரே ஒன்றும் தெரியவில்லை, இறங்க மாட்டேன் என்று அந்த மெஷின் ஒழுங்காகத்தான் சொன்னது. மெஷின் மறுத்தால் ரிப்பேர் என்கிறோம். பிள்ளைகள் மறுத்தால் பிடிவாதம் என்கிறோம். ஏன் என்று பார்ப்பதில்லை — இன்னும் கொஞ்சம் அழுத்துகிறோம்.

இப்போதெல்லாம் கதவை இறக்குவது மகள்தான். "அப்பா, நீங்க தள்ளி நில்லுங்க" என்கிறாள்.

நிற்கிறேன்.