என் காதுக்கு மட்டும்

என் இரண்டு காதுகளுக்கும் அளவெடுத்துச் செய்த ஓர் இயர்போன் என்னிடம் இருக்கிறது. மேடையில் பாடுகிறவர்கள் காதுக்குள் செருகிக்கொண்டு பாடுவார்களே, அந்த இனம். இன்-இயர் மானிட்டர் என்பது முழுப்பெயர். விலையை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் என் தம்பி படித்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுவான். அதை மாட்டும்போது எனக்குள் ஒரு குத்தல். மாட்டாமல் பெட்டியில் வைத்தால் இன்னொரு குத்தல். இரண்டுக்கும் காரணம் என் மனைவி. அவள் இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, அதுதான் சிக்கலே.

நானும் அவளும் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். நான் இயற்பியல், அவள் சமூக அறிவியல். வீடு திண்டுக்கல் டவுனில், பள்ளி சேவுகம்பட்டிக்குப் பக்கத்தில். காலையும் மாலையும் செம்பட்டி வழியாகப் போகும் பஸ்தான் கதி. அந்த பஸ்ஸின் ஸ்பீக்கரைக் கேட்டதில்லை என்றால் நீங்கள் புண்ணியம் செய்தவர். பாட்டு என்ற பெயரில் தகரத்தை உருட்டுவார்கள். ஒரு நாள் கண்டக்டரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். "பாட்டு இல்லேன்னா டிரைவருக்குத் தூக்கம் வந்துரும் சார், பரவாயில்லையா?" என்றார். அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை, காதை மூடிக்கொண்டேன்.

மூடியது, போனோடு வந்த சாதாரண ஒயர் இயர்போனால். இரண்டு பேர் சீட்டில் அவள் ஜன்னலோரம், நான் அவளுக்கு வலப்பக்கம். ஒயரின் இடது முனை என் இடது காதில், வலது முனை அவளுடைய வலது காதில். பல வருஷம் இப்படியேதான் ஓடியது. பழைய ஸ்டீரியோ பாட்டுகளில் தபேலாவை ஒரு பக்கமும் வயலினை இன்னொரு பக்கமும் ஒதுக்கிப் பதிவு செய்திருப்பார்கள். ஆகவே எனக்குத் தபேலா வரும், அவளுக்கு வயலின் போகும். "ஒம் பக்கம் என்ன வருது?" என்று கேட்பேன். அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு செத்த நேரம் கேட்டுவிட்டுச் சொல்வாள். "இப்பப் புல்லாங்குழலு. இந்தா, நின்னுருச்சு. இப்ப யாரோ மணியாட்டுறாங்க." வீட்டில் நாங்கள் போனை டம்ளருக்குள் நிறுத்தி வைத்துப் பாட்டுக் கேட்கிற ஆட்கள். அதனால் என் பாட்டுகளின் வலது பக்கத்தை நான் அவள் வாயால் மட்டும்தான் அறிவேன்.

எண்பதுகளில் வந்த ஒரு பாட்டில் மட்டும் எங்களுக்குள் தீராத தகராறு. இரண்டாவது சரணத்தில், பாடுகிறவளுக்குப் பின்னால் இன்னொருத்தி மெதுவாக ஹம்மிங் செய்கிறாள் என்பது அவள் கட்சி. அப்படி ஒன்றும் கிடையாது, பஸ் கதவு கிரீச்சிடுகிறது என்பது என் கட்சி.

"கதவு சுருதியோடவா கிரீச்சிடும்?" என்பாள்.

"நம்ம பஸ்ல எதுவும் நடக்கும்" என்பேன்.

பின்சீட்டுக்காரர்கள் எங்களைப் புதுசாகக் கல்யாணமான ஜோடி என்று நினைத்திருக்கலாம். எங்கள் பெண் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் போன் மாற்றினேன். புதுப் போனில் பழைய இயர்போன் செருகுகிற ஓட்டையே இல்லை, சார்ஜ் போடுகிற ஓட்டையில் செருகுகிற புது ரகம்தான் வேண்டும். பழைய இயர்போனும் ஒரு பக்கம் கரகரக்கத் தொடங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒன்றை வாங்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். நான் யூடியூபைத் திறந்து நல்ல இயர்போன் எது என்று தேடினேன். அங்கேதான் சனி பிடித்தது.

கீழே இடிக்கிற சத்தம் பேஸ், மனிதக் குரல் நிற்கிற நடு இடம் மிட், மேலே ஜால்ரா மின்னுகிற இடம் டிரெபிள். இந்த மூன்றில் எது தூக்கலாக இருந்தால் தனக்குப் பிடிக்கும் என்று தெரியாமல் யாரும் காசைக் கொட்டக் கூடாது, முதலில் உங்கள் ரசனையைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று ஆளாளுக்குப் பாடம் எடுத்தார்கள். ஒலிப் பாடம் நடத்தி நடத்தியே தொண்டை கட்டியவன் நான், எனக்கு இது போதாதா? உட்கார்ந்து என் ரசனையைத் தோண்டினேன். குரல் பக்கத்தில் வந்து பாட வேண்டும், வாத்தியங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் தனித்தனியாக நிற்க வேண்டும், பேஸ் அடக்கமாக இருக்க வேண்டும். ஒரு மாதம் சாப்பாட்டு நேரமெல்லாம் இதே பேச்சு. அவள் வெஞ்சனம் வைத்தபடியே 'ம்' கொட்டினாள். உனக்கு எப்படி இருந்தால் பிடிக்கும் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என் ரசனைதான் அவளுடையதும் என்று எப்போதோ முடிவு கட்டியிருந்தேன்.

மாட்டிப் பார்த்து வாங்குகிற கடை சென்னையில் இருந்தது. "நீயும் வாரியா?" என்று அவளைக் கேட்டேன். நான் கிளம்பிய சனிக்கிழமை அவளுக்குப் பயிற்சி வகுப்பு இருந்தது. அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் அந்தக் கிழமையைப் பிடித்தேன். அவள் கூட வந்து விலையைப் பார்த்தால், தலையில் அடித்துக்கொண்டு என்னைத் தரதரவென்று வெளியே இழுத்து வந்திருப்பாள். நியாயமும் அதுதான்.

கடையில் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்கள். முதலாவது பேஸ் தூக்கலானது. கல்யாண வீட்டு வாசலில் ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்த பாக்ஸுக்குள் தலையை விட்டது மாதிரி இருந்தது. ஒரு பாட்டு முடிவதற்குள் கழற்றிவிட்டேன். அடுத்தது டிரெபிள் தூக்கல், பாடகியின் ஒவ்வொரு 'ச'வும் ஊசியாகக் குத்தியது. மூன்றாவதை மாட்டியதும் குரல் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. எங்கள் தகராறுப் பாட்டைப் போட்டேன். இரண்டாவது சரணம் வந்தது. வலது காதில், பாடுகிறவளுக்குக் கொஞ்சம் பின்னால், இன்னொரு பெண்குரல் மெல்ல ஹம்மிங் செய்தது.

திருப்பித் திருப்பிப் போட்டேன். இருக்கிறது, அவள் சொன்ன இடத்திலேயே இருக்கிறது. அப்போதே அவளுக்குப் போன் செய்து, நீ சொன்னதுதான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. இரண்டு காதிலும் முழுசாக வருகிற பாட்டை விட்டு எழுந்திருக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "சார், இதையே உங்க காதுக்கு அளவெடுத்து கஸ்டமா செஞ்சு தருவாங்க. வெளிச்சத்தம் சுத்தமா வராது. ஆனா உங்களைத் தவிர வேற யாரும் போட முடியாது. வீட்ல வேற யாராச்சும் யூஸ் பண்ணுவாங்களா?"

"இல்லங்க, நான் மட்டும்தான்."

இந்தப் பதில் எவ்வளவு சுளுவாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால்கூட ஏதோ சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். யோசனையே இல்லாமல் வந்தது. தினமும் காலையும் மாலையும் என் தோளை ஒட்டி உட்கார்ந்திருப்பவள் அந்த நேரத்தில் என் நினைப்பில் இல்லை. பக்கத்துத் தெருவில், காது கேட்கும் கருவி விற்கிற இடத்தில், பசை மாதிரி ஒன்றைக் காதுக்குள் நிரப்பி அச்செடுத்தார்கள். அது இறுகுகிற வரை எனக்கு உலகத்தில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தேன்.

பார்சல் வந்த மறுநாள் காலை பஸ்ஸில் பெட்டியைத் திறந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே வழக்கம்போலக் கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள். நான் வலது முனையை அந்த உள்ளங்கையில் வைத்தேன். வேறு என்ன செய்வது? அவள் காதில் வைத்து அழுத்தினாள். நழுவி மடியில் விழுந்தது. திருப்பி வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இது என்ன உள்ள போகமாட்டேங்குது?"

"அது வந்து... என் காதை அச்செடுத்துச் செஞ்சது. எனக்கு மட்டுந்தான் சேரும்."

"ஓ" என்றாள். சேலை முந்தானையால் அதை நன்றாகத் துடைத்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "சரி, நீங்க கேளுங்க. அம்புட்டுத் தூரம் போய் வாங்கியாந்திருக்கீங்க."

துடைத்துக் கொடுத்திருக்க வேண்டாம். விட்டெறிந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் வீட்டில் வைத்து, ஹம்மிங் இருப்பதைச் சொன்னேன். தோற்றவன் ஜெயித்தவளுக்கு மாலை போடுகிற மாதிரி கொஞ்சம் நாடகமாகவே சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சிரித்தாள். கொஞ்சம் கழித்து, "அதுல என் பக்கம் நல்லாக் கேக்குதா?" என்றாள். நல்லாக் கேட்குது என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

அதற்குப் பிறகு பஸ்ஸில் அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கத் தொடங்கினாள். தூங்குகிறாளா, கண்ணை மூடியிருக்கிறாளா என்று எனக்கு நிச்சயமில்லை. என் காதில் பாட்டு அத்தனை சுத்தமாக ஓடியது. ஹாரன் கேட்காது, கண்டக்டர் விசில் கேட்காது, அவள் இருமினாலும் கேட்காது. பழைய மாதிரியே ஒயர் வைத்த சாதாரண இயர்போன் ஒன்று வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு, கெடக்கட்டும்" என்றுவிட்டாள்.

தவக்காலத்தில் சர்ச்சுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். வழக்கமான கோபம், புறணி, பொய் எல்லாம் முடித்துவிட்டு, கடைசியில் சென்னைக் கடையில் நான் சொன்ன பதிலைச் சொன்னேன். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. ஃபாதர் இளவயதுக்காரர், என் குரலை அடையாளம் கண்டுகொண்டார் போலிருக்கிறது. "சார், இதை என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? டீச்சர்கிட்டச் சொல்லுங்க" என்றார். பாவமன்னிப்பு கேட்கப் போன இடத்தில் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினார்கள்.

சொல்வதற்கு முன்னால் பரிகாரம் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். யார் காதுக்கும் பொருந்துகிற, ரப்பர் முனை வைத்த மாடல்களில் மூன்றை அதே கடையிலிருந்து வரவழைத்தேன். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பலாம் என்று பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, கறி அடுப்பில் வெந்துகொண்டிருந்த நேரத்தில் அவளை உட்கார வைத்தேன். எது குரலுக்கு, எது தாளத்துக்கு என்று வகுப்பு எடுத்துவிட்டு என் போனை நீட்டினேன்.

"ஒனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டா ஒண்ணு போட்டுப் பாரு."

அவள் விரலால் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "இதுல இல்லையே."

"எது இல்ல? இம்புட்டுப் பாட்டு கெடக்கு."

"எம் போன்ல இருக்குங்க."

தன் போனில் மாட்டினாள். குரலுக்கு உகந்தது என்று நான் முதலில் கொடுத்ததைக் கழற்றி வைத்தாள். இரண்டாவதையும் வைத்தாள். மூன்றாவது பேஸ் தூக்கலானது, ஒப்புக்கு வரவழைத்தது. அதை மாட்டியதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. தலை ஆடியது, கால் தரையில் தாளம் போட்டது. என் மனைவியின் கால் தாளம் போட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு முனையை வாங்கிக் கேட்டேன். குத்துப்பாட்டு. எந்த மாதிரிப் பாட்டுக்குப் பயந்து பஸ்ஸில் காதை மூடினேனோ, அதே வகையறா.

"இதெல்லாம் ஒனக்குப் பிடிக்குமா?"

"ரொம்பப் பிடிக்கும்."

"அப்ப என் பாட்டு?"

அவள் சங்கடப்பட்டாள். "அது அம்புட்டுப் பிடிக்காதுங்க. எல்லாம் தாலாட்டு மாதிரியே இருக்கும்."

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லாம கேட்ட? அந்த ஹம்மிங் வரைக்கும் கண்டுபிடிச்சிருக்கியே!"

"எம் பக்கம் என்ன வருதுன்னு கேப்பீங்கள்ல. கேட்டா சொல்லணும்ல? அதுக்காகத்தான் நல்லாக் கவனிச்சேன்."

அதற்கு மேல் தாங்காமல் கடையில் சொன்னதைச் சொன்னேன். வேறு யாராவது கேட்பார்களா என்றதற்கு, நான் மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன் என்றேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம்.

"நெசந்தான? பாட்டு கேட்டது நீங்க மட்டும்தான். நான் ஒங்க கூட இருந்தேன், அவ்வளவுதான்" என்றாள். பிறகு கறி அடிப்பிடிக்கிறது என்று எழுந்து போனாள். காதில் இருந்ததைக் கழற்றவில்லை.

அவளுடைய பாதிப் பாட்டை எடுத்துக்கொண்டேன் என்றுதான் இத்தனை நாளாகக் குற்றவுணர்ச்சியில் புழுங்கினேன். என் பாட்டு அவளுக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. அவளிடமிருந்து நான் எடுத்தது வேறு. அதைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கடையிலும் மாடல் கிடையாது.

இப்போது பஸ்ஸில் அவளுக்கு அவளுடையது, எனக்கு என்னுடையது. அவள் தூங்குவதில்லை. செம்பட்டி தாண்டித் தென்னந்தோப்புகள் வரும்போது அவள் கால் சீட்டுக்கு அடியில் ஆடிக்கொண்டிருக்கும். நேற்று ஓர் இடத்தில் தனக்குத்தானே சிரித்தாள். பாட்டில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தோளைத் தொட்டிருந்தால் கழற்றிவிட்டுச் சொல்லியிருப்பாள், எப்போதும் சொல்லக்கூடியவள்தான். அப்புறம் அந்தப் பாட்டு அவளுக்குப் பாதியில் நின்றுபோகும். நான் தொடவில்லை. என் பெட்டியைத் திறக்காமல், அவள் பாட்டு முடிகிற வரைக்கும் முன்சீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.