காரில் விழுந்த கீறலும் அண்ணன் செய்த சத்தியமும்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் வந்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவரையும் குடும்பத்தின் சார்பில் வணங்குகிறேன். இந்த நினைவு மலரில் அவருடைய வாழ்க்கையை எழுதும் பொறுப்பை அண்ணியார் எனக்குக் கொடுத்தார். அதற்கு நான் தகுதியற்றவன். காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் அண்ணன் ஈரவேட்டியோடு நின்று சத்தியம் செய்தார் என்ற செய்தி உங்களில் பலரை எட்டியிருக்கும். அவரை அங்கே நிறுத்தியவன் அவருடைய தம்பியாகிய நான். அவர் எந்தத் தவறும் செய்திருக்கவில்லை. இதைச் சொல்லாமல் வேறு எதை எழுதினாலும் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

அண்ணன் நாகலாபுரத்தை அடுத்த சிற்றூரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் நைனா காலமானபோது அண்ணன் எட்டாம் வகுப்பில் இருந்தார். நான் அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்தேன். அவர் பள்ளியை விட்டார், என்னை விடவிடவில்லை. சித்தூர் வெல்ல மண்டியில் வேலைக்குச் சேர்ந்து, மண்டி வேனை ஓட்டக் கற்று, பின்னாளில் சிறிதாக ஒரு வெல்லக்கடையும் வைத்தார். திருப்பதியில் நான் படித்ததும், அங்கேயே கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றதும் அவருடைய உழைப்பால்தான்.

அவர் யாரையும் கையும் களவுமாகப் பிடித்ததில்லை. கடை வேலையாள் வெல்லக்கட்டியை உடைத்து வாயில் போட்டுக்கொள்வதைத் தெருவிலிருந்தே பார்த்துவிட்டால், இருமிக்கொண்டே உள்ளே வருவார். அந்த ஆள் வாயைத் துடைத்துக்கொள்ள அவகாசம் கொடுப்பார். பிறர் முகம் சிறுத்துப் போவதைக் காண அவரால் முடியாது.

கார் எங்கள் வீட்டுக்கு என் மகன் வழியாக வந்தது. பெங்களூரில் அவன் வேலை செய்த நிறுவனம் குத்தகை முறையில் கொடுத்த கார் அது. குத்தகை முடிந்ததும் மீதி விலையைக் கட்டித் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டான். அமெரிக்காவுக்குப் போகும்போது அதை எங்களிடம் விட்டுச் சென்றான். கர்நாடகப் பதிவை ஆந்திரப் பதிவாக மாற்ற நான் அலைந்தபோதெல்லாம் அண்ணன் கூடவே அலைந்தார். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எனக்கு ஒரு நாற்காலி பிடித்துக் கொடுத்துவிட்டு வரிசையில் அவர் நிற்பார். ஒருமுறை திருமலை அடிவாரத்தில், அலிபிரியில், சாவியைத் தொலைத்துவிட்டேன். வீட்டில் மாற்றுச் சாவியை எங்கே வைத்தேன் என்பதும் நினைவில்லை. அன்று மாலைவரை தேடி அதைக் கண்டெடுத்த பிறகு, இது அண்ணனிடமே இருக்கட்டும் என்று கொடுத்துவைத்தேன்.

மகனுக்குக் குழந்தை பிறந்தபோது நானும் மனைவியும் ஆறு மாதம் அமெரிக்காவில் இருந்தோம். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் வண்டியின் ஒயர்களை எலிகள் கடித்து வைத்துவிடும். அதனால் காரைச் சித்தூரில் அண்ணன் வீட்டில் விட்டேன். பேட்டரி இறங்காமல் இருக்க வாரம் ஒருமுறை கிளப்பி, தெருமுனைவரை போய்வரச் சொன்னேன்.

திரும்பி வந்து பார்த்தபோது இடப்பக்கக் கதவில் நீளமாக ஒரு கீறல். மீட்டரும் தெருமுனைக்குப் போய்வந்த அளவைவிட மிக அதிகமாகக் காட்டியது.

"யாருண்ணா வண்டிய எடுத்தது?" என்றேன்.

"வாரா வாரம் கிளப்பினேன்டா. கீறல வுடு, பெயின்ட் அடிச்சிக்கலாம். காசு நான் குடுக்கறேன்."

"காசு யார் கேட்டா? மீட்டர் இவ்ளோ ஓடிக்கிது. உம்புள்ள வாடகைக்கு வுட்டானா?"

அண்ணன் மகன் ஆட்டோ ஓட்டுபவன். அண்ணன் சிரித்தார். "அவன் ஆட்டோக்கே ஆள் வரமாட்டேங்குது. நீ வெள்ளத்துணி போத்தி வச்சிக்கிற தேர எவன் வாடகைக்குக் கேப்பான்?"

அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. "அப்போ காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்றியா?" என்று கேட்டுவிட்டேன்.

நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் தப்பமாட்டான் என்பது நம்பிக்கை. ஆனால் சத்தியத்துக்கு அழைக்கப்பட்டவனை ஊர் அப்போதே பாதிக் குற்றவாளியாக்கிவிடும். படித்த எனக்கு அது நன்றாகவே தெரியும்.

"இன்னா தம்பி பேசற? கூடப் பொறந்தவர்கிட்ட கேக்கற பேச்சா?" என்றார் அண்ணியார்.

"இரு. அவன் மனசு ஆறணுமில்ல. வரேன்னு சொல்லு" என்றார் அண்ணன்.

நான் காரில் போனேன். அவர் பஸ்ஸில் வந்தார். திருக்குளத்தில் முழுகி எழுந்து, சொட்டச் சொட்ட நின்று, "நானும் எம்புள்ளயும் இந்த வண்டிய வாடகைக்கு வுடல, எங்க சொந்த வேலைக்கும் எடுக்கல" என்று சொன்னார். வேறு யார் எடுத்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. எனக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. புதுக் காருக்குப் பூஜை போட வந்திருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வேட்டியைப் பிழிந்துவிட்டுப் பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "இதையும் நீயே வச்சிக்கோ. எங்க வச்சோம்னு ஞாபகம் வச்சிக்கோ."

அதற்குப் பிறகும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், பேசினார். என் காரில் மட்டும் ஏறவில்லை. எப்போது அழைத்தாலும், "பஸ்ல காத்து நல்லா வரும்டா" என்பார். ஊரில் செய்தி பரவியது. அவருடைய பேத்திக்கு வந்த ஒரு சம்பந்தம், அந்த வீட்டில் ஏதோ சத்தியம் கித்தியம் என்று கேள்விப்பட்டோம் எனச் சொல்லி நின்றுபோனது. அப்போதும் அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிறகு வேறிடத்தில் நல்லபடியாகத் திருமணம் நடந்தது.

சென்ற ஆண்டு அவருக்கு நுரையீரல் கெட்டது. திருப்பதி மருத்துவமனையில் சில வாரங்கள் இருந்தார். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன நாளில் நான் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். சித்தூரில் ஆசிரியையாக இருக்கும் என் இளைய மகளும் வந்திருந்தாள். அண்ணன் காரைப் பார்த்தார்.

"பாப்பா ஓட்டினா வரேன்" என்றார்.

"அவளுக்கு எங்கண்ணா ஓட்டத் தெரியும்? லைசென்ஸ் வாங்கினதோட சரி."

"தெரியும். நீ பின்னாடி குந்து."

அவர் முன்னால் அமர்ந்தார். மகள் காரை எடுத்தாள். நெடுஞ்சாலையில் அவள் ஓட்டிய அழகைப் பார்த்து எனக்கு வியப்பு. நான் ஒருநாளும் அவளிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்ததில்லை. எங்கேயாவது இடித்துவிடுவாய் என்று சொல்லியே தள்ளிவைத்தவன்.

"எப்பம்மா கத்துக்கின?"

"நீ அமெரிக்கா போயிருந்தியே நைனா, அப்பத்தான். பெரியப்பா லீவு நாள்லெல்லாம் பைபாஸ்ல கூட்டிக்கினு போய்ச் சொல்லிக் குடுத்தாரு. அந்தக் கீறல்கூட நான் பாலத்துக் கட்டையில ஒரசினதுதான். நீ கத்துவேன்னு நான்தான் சொல்லவேணாம்னு அவர்கிட்ட கையடிச்சி வாங்கிக்கினேன்."

"இப்ப எதுக்கு அதெல்லாம்? முன்னால லாரி நிக்கிது பாரு, ஸ்லோ பண்ணு" என்றார் அண்ணன்.

அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். சத்தியம் நடந்தது அவளுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதையும் அவர் அவளிடமிருந்து மறைத்திருக்கிறார். அவள் பெயரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் குளத்தில் இறங்கியிருக்க வேண்டாம்.

என் முன்னால் அவருடைய பிடரி தெரிந்தது. நரைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது. கையை நீட்டினால் தோளைத் தொட்டிருக்கலாம். "மன்னிச்சிடுண்ணா" என்று சொல்லச் சித்தூர்வரை வழி இருந்தது. மகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது, வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். நாளை வரலாம் என்று திருப்பதிக்குத் திரும்பினேன். மறுநாள் போகவில்லை. அடுத்த நாளும் ஏதோ காரணம். அந்த வாரமே அண்ணன் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநாள் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள், "மலர்ல எழுது நைனா. தப்பா பேசினவங்க எல்லாம் படிக்கட்டும். எம்பேரையும் சேத்து எழுது" என்றாள். அவள் பெயரைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அவள் செய்தது கீறல் மட்டும்தான்.

அண்ணனை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மருந்துக்கும் ரத்தத்துக்கும் ஓடிய கடைத்தெரு நண்பர்களுக்கும், அவரைத் தூக்கி உட்காரவைத்துச் சோறூட்டிய அவர் மகனுக்கும் மருமகளுக்கும் நன்றி சொல்கிறேன். அந்த மகனையும் நான் சந்தேகித்தேன். அவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அண்ணனைப் பற்றியோ அந்தச் சத்தியத்தைப் பற்றியோ இனி யாராவது குறையாகப் பேசினால், அழைத்தவன் தம்பி, குற்றமும் தம்பியுடையது என்று சொல்லித் திருத்துங்கள். நீங்கள் எனக்குச் செய்யும் உதவி அதுதான்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இதை அண்ணியாரிடம் படித்துக் காட்டினேன். முடியும்வரை கேட்டார்.

"அவர் இருந்தா இதப் போடவேணாம்னுதான் சொல்லுவாரு" என்றார். பிறகு, "நீ போடு" என்றார்.